ரிஜிஸ்டர் அக்கா எழுதிய திசை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவரும் உள்ளே வாருங்கள், இடம் இருக்கிறது. இன்றைக்கு உங்களுக்கு ஒரு அக்கா தம்பி கதை சொல்லப்போகிறேன். இதில் அடிதடி இல்லை, வஞ்சகம் இல்லை, கெட்டவன் என்று காட்ட ஓர் ஆள்கூட இல்லை. அதனாலேயே இதைச் சொல்லி முடிப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டம். யார்மேலாவது கோபப்பட முடிந்தால் பாதித் துக்கம் இறங்கிவிடும். இந்தக் கதையில் அந்த வசதி கிடையாது.

ஒரு நாடு இருந்தது. அதன் மேற்குப் பாதியில் மலையும் அணையும். கிழக்குப் பாதியில் சமவெளியும் கடற்கரை நகரமும். எந்தத் தேர்தல் வந்தாலும் மேற்கில் ஒரு கட்சிதான் ஜெயிக்கும், கிழக்கில் இன்னொன்றுதான். இவர்கள் ஆட்சிக்கு வந்தால் அவர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவர்கள் வந்தால் இவர்கள். எட்டு வருடம் பேசிப் பார்த்தார்கள். கடைசியில் மக்களிடம் ஓட்டுப் போடச் சொல்லிக் கேட்டார்கள். பிரிந்துவிடலாம் என்று இரண்டு பக்கமும் சொல்லிவிட்டது.

ஒரு கல் எறியப்படவில்லை. ஒரு கண்ணாடி உடையவில்லை. ரயில் பெட்டிகளை எண்ணிப் பிரித்தார்கள், கப்பல்களைப் பிரித்தார்கள், ஆஸ்பத்திரியில் இருந்த எக்ஸ்ரே மெஷின்களைப் பிரித்தார்கள். மிருகக்காட்சிசாலையில் ஒரே ஓர் ஒட்டகச்சிவிங்கி இருந்தது. அது ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று ஒப்பந்தமானது. டீக்கடையில் அதைப் படித்த ஒருவர், "தலை அவங்களுக்கு, உடம்பு நமக்குன்னு முடிச்சிருக்கலாம், கழுத்துதான் நீளமா இருக்கே" என்றாராம். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டேதான் பிரிந்தார்கள். உலகமே அந்த நாட்டைப் பாராட்டியது.

அணையிலிருந்து கடற்கரை நகரத்துக்கு ஒரு பெரிய குழாய் போனது. ஓர் ஆள் குனியாமல் உள்ளே நடக்கலாம், அவ்வளவு பெரிது. அந்தக் குழாயின் நடுவில், ஆற்றுப் பாலத்துக்கு மேற்கே ஓர் ஊர். அங்கே குடிநீர்த் துறையின் அலுவலகம். ஊருக்கே தண்ணீர் கொடுக்கிற அந்தக் கட்டடத்தில் கைகழுவும் குழாய் மட்டும் எப்போதும் வேலை செய்யாது.

அங்கே பதிவேடுகளைப் பார்த்துக்கொண்டவள்தான் நம் கதையின் அக்கா. அப்போது ஐம்பத்திரண்டு வயது. எல்லோருக்கும் அவள் ரிஜிஸ்டர் அக்கா. அவளைவிட மூத்த இன்ஜினியர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அவளுடைய அப்பா அதே துறையில் பம்ப் ஓட்டியவர். வேலையில் இருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டாள். அக்காவுக்கு அப்போது பத்தொன்பது, தம்பிக்கு ஏழு. இறந்தவருக்குப் பதிலாக மகளுக்கு ஒரு நாற்காலி கொடுத்தார்கள். அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே தம்பியை வளர்த்தாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தம்பியை என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டார்கள். அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. கொஞ்ச வருடத்தில் கேட்பவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

தம்பி வளர்ந்து அதே துறையில் வால்வுக்காரன் ஆனான். குழாய் நெடுக இருக்கும் பெரிய சக்கரங்களைத் திருப்பித் தண்ணீரைத் திறப்பதும் அடைப்பதும் அவன் வேலை. ஓர் இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாய்மேல் ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பான். மண்ணுக்கடியில் எங்கே கசிகிறது என்று அடி சுத்தமாகச் சொல்லிவிடுவான். பேச்சு மட்டும் குறைவு. கல்யாணமாகி வந்த புதிதில் அவன் மனைவி, "குழாய் பேசறது இவருக்குக் கேக்குது அண்ணி, பொண்டாட்டி பேசறதுதான் கேக்க மாட்டேங்குது" என்று நாத்தனாரிடம் புகார் சொல்லுவாள். அந்தப் பெண்ணின் பிறந்த வீடு கிழக்கே, கடற்கரை நகரத்தில். கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் ஓயாது, மனசு சுத்தம். மூவரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. வேறு எங்கும் நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். குழாய்த்தடத்தில் முப்பத்து நான்கு பேர் வேலை செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு மூலையில். ஒரு நாள் லீவுக்கு மனு எழுதிக் கொடுக்க அலுவலகம் வந்து போவதென்றால் அரை நாள் போய்விடும், அங்கே சக்கரத்தைத் திருப்ப ஆள் இருக்காது. அதனால் வருடப் பிறப்பன்று முப்பத்து நான்கு பேரும் வந்து, துறையின் பெயர் அச்சடித்த வெள்ளைத் தாள்களில் ஆளுக்குப் பன்னிரண்டு கையெழுத்து அடியில் போட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேலே ஒன்றும் எழுதியிருக்காது. லீவோ, இடமாற்றமோ, பூட்ஸ் கிழிந்ததோ, எதுவானாலும் போனில் சொன்னால் போதும். அக்கா தன் கையால் மேலே எழுதி உள்ளே அனுப்பிவிடுவாள்.

தவறு என்று இன்ஜினியருக்கும் தெரியும். அவர் கண்டும் காணாமல் இருந்தார், ஏனென்றால் இத்தனை வருடத்தில் ஒரு புகார்கூட வந்ததில்லை. யார் வீட்டில் என்ன என்பது அக்காவுக்கு மனப்பாடம். ஒரு ஃபிட்டர் மாமனார் இறந்துவிட்டார் என்று லீவு கேட்டபோது, "போன வருஷமே போயிட்டாரே, நடுவுல திரும்பி வந்தாரா?" என்று கேட்டுவிட்டு, உடம்பு சரியில்லை என்று மாற்றி எழுதிக் கொடுத்தவள் அவள்.

நாடு பிரிவதற்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஓர் உத்தரவு வந்தது. குழாய்த்தடத்தில் வேலை செய்கிறவர்கள் மேற்கா கிழக்கா என்று முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர் எந்தப் பட்டியலில் வருகிறதோ அந்த நாட்டில்தான் வேலை, அந்த நாட்டில்தான் குடியுரிமை. கட்டடத்துக்குள் உட்கார்ந்து வேலை செய்கிறவர்களுக்கு அந்தக் கேள்வியே கிடையாது. மேசை நாற்காலியோடு சேர்ந்து அவர்களும் மேற்குக்குத்தான். அதைப் படித்துவிட்டு அக்கா, தன்னையும் பீரோ கணக்கில் சேர்த்துவிட்டார்கள் என்று சிரித்தாள்.

அந்த மாதம் பார்த்து, புது எல்லையாகப்போகிற அந்த ஆற்றுப் பாலத்தின் நடுவில் குழாயை வெட்டி, எவ்வளவு தண்ணீர் தாண்டுகிறது என்று காட்டும் மீட்டரைப் பொருத்தினார்கள். தடத்து ஆட்கள் யாருக்கும் மூச்சுவிட நேரமில்லை. ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள். மேற்குன்னு போட்டுடுங்கக்கா, என்னோடதையும் போட்டுடுங்கக்கா என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வைத்தார்கள். நான்கு பேர் மட்டும் கிழக்கு என்றார்கள். அப்படிச் சொன்னவர்கள் எல்லோரும் கொஞ்சம் தயங்கி, தொண்டையைச் செருமி, அவளைக் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொண்டுதான் சொன்னார்கள். அக்கா எல்லோருடையதையும் எழுதினாள். முப்பத்து மூன்று தாள் முடிந்தது. ஒன்று பாக்கி இருந்தது.

தம்பி வாயே திறக்கவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே பாத்திரத்தில் பரிமாறிச் சாப்பிட்டுக்கொண்டு, இருபத்தெட்டு நாள் அவன் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்டால் அவனை நெருக்குவதாகிவிடும் என்று நினைத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி மனைவியின் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் அந்தப் பெண் அழுவது கேட்டது. அப்பாவைப் பார்க்கப் போக இனி யாரிடம் அனுமதி கேட்க வேண்டுமோ என்றாள். பிறகு தழுதழுத்த குரலில், "அண்ணிய விட்டு நீங்க வர மாட்டீங்க, எனக்குத் தெரியும்" என்றாள். அக்காவின் கையில் இருந்த சட்டை அப்படியே நின்றது. தம்பியிடமிருந்து இல்லை என்றோ ஆமாம் என்றோ ஒரு வார்த்தை வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை.

இருபத்தொன்பதாம் நாள் காலை, அவன் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது அக்கா கேட்டேவிட்டாள்.

"நாளைக்குக் கடைசி நாள். உனக்கு என்ன எழுதட்டும்?"

அவன் நிமிரவில்லை. "உனக்கு எது சரின்னு படுதோ, அதையே எழுதுக்கா" என்றான்.

சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான். எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சட்டை, எந்தப் பெண், எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சொல்லிவிட்டு டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது இரண்டு பேர் மனசிலும் என்ன ஓடியது என்று உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைத்து விளையாட இது விடுகதை இல்லை.

தம்பி நினைத்தது இது. நான் இங்கேயே இருக்கிறேன் என்று என் வாயால் சொன்னால், படுத்துக்கிடக்கும் உன் அப்பாவைவிட என் அக்காதான் பெரிது என்று மனைவியிடம் சொன்னதாகிவிடும். காலம் பூராவும் அது அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கும். அக்கா எழுதிவிட்டால் அது ஆபீஸ் காரியம். அக்கா மேற்கு என்றுதானே எழுதுவாள், வேறென்ன எழுதப்போகிறாள்.

அக்கா நினைத்தது இது. இருக்க நினைத்த ஒவ்வொருவனும் ஒரே மூச்சில் சொன்னான். போக நினைத்தவன்தான் தயங்கினான். இருபத்தொன்பது நாள் தயங்குகிறவன் எதை விரும்புகிறான் என்று முப்பத்து மூன்று தாள் எழுதிய எனக்குத் தெரியாதா. என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. நான் மேற்கு என்று எழுதினால் அவன் மறுக்கமாட்டான். அந்தப் பெண்ணால் தன் அப்பாவைக் கடைசியாக ஒருமுறை பார்க்க முடியாமலே போய்விடும். வளர்த்ததற்குக் கூலியாக ஒருவனைக் கட்டிப்போடுவதா?

அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவில்லை. தம்பியின் கையெழுத்து இருந்த தாளை எடுத்தாள். கிழக்கு என்று எழுதினாள். அழகான கையெழுத்து அவளுக்கு. அன்றைக்கு இன்னும் அழகாக வந்தது என்று பிறகு ஒருமுறை சொன்னாளாம்.

ஒரு வாரத்தில் பட்டியல் சுவரில் ஒட்டப்பட்டது. தம்பி அதன்முன் வெகுநேரம் நின்றான் என்று வாட்ச்மேன் சொன்னார். வீட்டுக்கு வந்து, கைகால் கழுவிக்கொண்டு, அக்காவிடம் கேட்டது ஒன்றே ஒன்று, எப்போது கிளம்ப வேண்டும் என்று. அவள் தேதியைச் சொன்னாள். சரி என்றான். அவன் நிம்மதியாகிவிட்டான் என்று அவள் நினைத்தாள். தன் அழுகையைக் குளியலறைக்குள் வைத்துக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டால் வெளியே கேட்காது அல்லவா.

நான்கு நாள் கழித்துத் தம்பி மனைவிதான் வாயைத் திறந்தாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நாத்தனாரின் பக்கத்தில் வந்து நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அண்ணி, நான் கேட்டா தப்பா எடுத்துக்கக் கூடாது. எங்கமேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா? எனக்கா?"

"அப்பா கூட ரெண்டு மாசம் இருந்துட்டு வரணும்னுதான் நான் அழுதேன். வீட்டையே காலி பண்ணச் சொல்லி அழல. அவர் நாலு நாளா சரியா சாப்பிடல. 'எங்கக்கா என்னை வேணாம்னு எழுதிட்டா'ன்னு ஒரே ஒரு தடவை சொன்னார். அதுக்கப்புறம் பேச்சே இல்ல."

அக்காவின் கையிலிருந்து பாத்திரம் நழுவவில்லை. அவள் அதைக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தாள். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு நேராக இன்ஜினியர் வீட்டுக்குப் போனாள்.

இன்ஜினியர் நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். பட்டியல்கள் கைமாறிவிட்டன என்றார். இங்கிருந்து ஐந்து பேர் போனால் அங்கிருந்து ஐந்து பேர் வருகிறார்கள். அவர்களும் வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டிவிட்டார்கள். மாற்றுவதற்கு ஒரே ஒரு வழிதான். இரண்டு நாட்டு அதிகாரிகளும் பாலத்தடியில் மூன்று நாள் உட்காரப் போகிறார்கள். இது நான் எழுதியதல்ல, என்னைக் கேட்காமல் எழுதியது என்று ஊழியர் வந்து சொன்னால் ரத்து செய்வார்கள்.

அக்காவின் முகம் மலர்ந்தது. அதைச் சொல்ல அவளுக்கு என்ன கஷ்டம்?

"இருங்கக்கா, முழுசா கேளுங்க" என்றார் இன்ஜினியர். "உங்க வேலை போகும், அது உங்களுக்குப் பெருசா தெரியாது. ஆனா ஒரு தாள் அப்படின்னு ஆயிட்டா, உங்க கையெழுத்துல இருக்கிற முப்பத்து நாலும் செல்லாது. செல்லாதவங்களைப் பிறந்த ஊரை வச்சுப் பிரிப்பாங்க. மேற்குன்னு கேட்டவங்கள்ல பதினோரு பேர் கிழக்கே பிறந்தவங்க."

அந்தப் பதினோரு பேரையும் அக்காவுக்குத் தெரியும். ஒருவர் இங்கே இப்போதுதான் வீடு கட்டி முடித்திருந்தார். ஒருவர் மனைவியைப் புதைத்த மண் இங்கே இருந்தது. ஒருவர் அந்த ஃபிட்டர், இரண்டு முறை இறந்த மாமனாரின் மருமகன். அவருக்கு மூன்று பெண் குழந்தைகள், மூன்றும் இங்கே பள்ளிக்கூடத்தில் படித்தன.

இரண்டு நாள் அவள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் விசாரணைக்கு மனுக் கொடுத்தாள். எழுத்தில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும் என்று மட்டும் அதில் எழுதினாள். உள்ளே போய் என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. தம்பியையும் வரச் சொல்லி நோட்டீஸ் போனது.

பாலத்தடியில் புதிதாகக் கட்டிய ஓர் அறை. பெயின்ட் வாசனை போகவில்லை. மேற்கிலிருந்து ஒரு மெலிந்த அதிகாரி, கிழக்கிலிருந்து ஜலதோஷம் பிடித்த ஓர் அம்மாள். இரண்டு பேரும் ஒரே பிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றிக் குடித்தார்கள். மேசைமேல் ஸ்டேப்ளர் ஒன்றுதான் இருந்தது. அது எந்த நாட்டுக்கு என்று இன்னும் முடிவாகவில்லை என்று மெலிந்தவர் வேடிக்கையாகச் சொன்னார். அக்காவையும் தம்பியையும் உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். அவ்வளவு மரியாதை.

அந்த அம்மாள் தாளைத் தம்பி முன்னால் நகர்த்தினார். அடியில் இருக்கும் கையெழுத்து அவனுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றான். மேலே எழுதியிருப்பதும் அவன்தானா என்றார்.

தம்பி தாளைப் பார்த்தான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் இங்கேயே இருக்கலாம். அக்கா, வீடு, குழாய், எல்லாம் அவனுக்கு மிஞ்சும்.

அக்கா எழுந்துவிட்டாள். "அம்மா, அது நான்தான், அவனைக் கேக்காம..."

"அக்கா, உக்காரு" என்றான் தம்பி. அவன் அவளிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுத்து அவங்களோடது. சக்கரம் திருப்பித் திருப்பி எனக்குக் கை நடுங்கும், எழுத வராது. நான் சொல்லச் சொல்ல அவங்க எழுதினாங்க" என்றான்.

"கிழக்குன்னு நீங்கதான் சொன்னீங்களா?"

அவன் அக்காவைப் பார்க்கவில்லை. "நான்தான் சொன்னேன்."

அந்த அம்மாள் மூக்கைத் துடைத்துக்கொண்டு முத்திரையைக் குத்தினார். மெலிந்த அதிகாரி வாழ்த்துச் சொல்லிக் கைகொடுத்தார். தம்பி கைகொடுத்தான். அவன் கை நடுங்கவே இல்லை என்பதை அவர்கள் கவனித்தார்களோ என்னவோ. கவனித்திருந்தாலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அக்காதான் முதலில் கேட்டாள்.

"ஏன்டா அப்படிச் சொன்ன?"

"இன்ஜினியர் சொன்னாரு. பதினோரு குடும்பம்." ஆற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "நீ என்னை அனுப்பணும்னுதானே எழுதின?"

"நீ போக ஆசைப்படறேன்னு நினைச்சேன்டா. என்கிட்ட சொல்ல முடியாம தவிக்கறேன்னு நினைச்சேன்."

தம்பி தலையைக் கைகளில் தாங்கிக்கொண்டான். "இருக்கேன்னு நான் சொல்லியிருக்கணும். உன் தலையில போட்டது என் தப்பு" என்றான். அவள் அவன் முதுகில் கைவைத்தாள். ஏழு வயதில், அப்பாவை எடுத்துக்கொண்டு போன அன்று, அவள் அப்படிக் கைவைத்தபோது அவன் எவ்வளவு சின்னவனாக இருந்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

பிரிந்த நாளில் ஐந்து குடும்பங்களுக்கும் பூங்கொத்து கொடுத்துப் பஸ்ஸில் ஏற்றினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வந்த ஐந்து குடும்பங்களுக்கும் பூங்கொத்து. போட்டோ எடுத்தார்கள். புன்னகையோடு விடைபெற்றார்கள் என்று மறுநாள் பேப்பரில் வந்தது. போட்டோவில் தம்பி மனைவி அக்காவின் தோளில் முகத்தைப் புதைத்திருந்தாள். முகம் தெரியாததால் புன்னகை என்று எழுத வசதியாகப் போயிற்று.

வேலையை விட்டுவிட்டு அவர்களோடு போய் இருந்துவிடலாம் என்று அக்கா கேட்டுப் பார்த்தாள். ஒப்பந்தத்தில் குடும்பம் என்றால் பெற்றோர், கணவன் மனைவி, பிள்ளைகள் என்று மூன்றே வரி. அக்கா என்று ஓர் உறவு அதில் இல்லை. பார்த்துவிட்டு வருவதற்கான அனுமதிக்கும் அதே மூன்று வரிதான். ஒப்பந்தம் எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவசரத்தில் விட்டுப்போயிற்று. விட்டுப்போனதைச் சேர்க்க இரண்டு பாராளுமன்றமும் கூடவேண்டும். அவர்களுக்கு அதைவிடப் பெரிய காரியங்கள் நிறைய இருந்தன. வீட்டுக்கு வீடு போனில் பேசலாம் என்று எழுதியிருந்தது, ஆனால் அந்த இணைப்பு எப்போது கேட்டாலும் கிடைக்காது. கடிதம் போட்டால் மூன்று மாதம்.

ஆனால் ஒன்று கிடைத்தது அவளுக்கு. தினமும் காலை ஆறு மணிக்குப் பாலத்து மீட்டரின் அளவை இரண்டு நாடும் போனில் சரிபார்க்க வேண்டும் என்று விதி. மேற்கில் அந்தப் பதிவேடு அக்காவிடம். கிழக்கில் அந்தக் குழாயை அறிந்தவன் என்று தம்பியை உட்கார்த்திவைத்தார்கள். எண்ணைத் தவிர வேறெதுவும் பேசக்கூடாது, எல்லாம் பதிவாகும். முதல் நாள் அவன் குரலைக் கேட்டதும் அவள் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு என்றான் அவன். சரி என்றாள் அவள்.

இரண்டு வருடம் அப்படித்தான். எண்ணைச் சொல்லும் குரலிலிருந்து அவனுக்குச் சளியா, தூக்கமில்லையா, சந்தோஷமா என்று கண்டுபிடித்துவிடுவாள். ஒரு காலையில் அவன் எண்ணைச் சொல்லத் தொடங்கி நடுவில் நின்று, மறுபடி முதலிலிருந்து சொன்னான். மாமனார் போய்விட்டார் என்று அவள் புரிந்துகொண்டாள். கடிதம் மூன்று மாதம் கழித்து வந்தது. அவள் நினைத்தது சரிதான்.

பிறகு ஒரு காலையில் வேறொரு குரல் எண்ணைச் சொன்னது. சரி என்று வைத்துவிட்டாள். மறுநாளும் அதே குரல். பத்து நாள் பொறுத்தாள். பதினோராம் நாள் பொறுக்கவில்லை.

"அங்க இருந்தவரு என் தம்பி. அவனுக்கு என்ன ஆச்சு?"

எதிர்ப்பக்கத்துக் குரல் தாழ்ந்து, "இது பதிவாகுதும்மா" என்றது. அவள் போனை வைக்கவில்லை. எதிரில் இருந்தவரும் வைக்கவில்லை. "நல்லா இருக்காரு. கடற்கரை ஸ்டேஷனுக்கு மாத்திட்டாங்க. பொண்ணு பிறந்திருக்கு" என்று மளமளவென்று சொல்லிவிட்டு, அதே மூச்சில் எண்ணையும் சொன்னார் அந்த மகராசன். அவர் யாரென்று இன்றுவரை தெரியாது.

அதற்காக அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது. போன் இருந்த அறையிலிருந்து எடுத்துக் கீழ்த்தளத்தில் பழைய பதிவேடுகளோடு போட்டார்கள். ரிடையர் ஆகும்வரை அங்கேயே இருந்தாள்.

பிரிந்து ஒன்பது வருடம் கழித்து ஒப்பந்தத்தில் நாலாவதாக ஒரு வரி சேர்த்தார்கள். உடன்பிறந்தவர்கள் காலையில் போய் மாலை ஆறு மணிக்குள் திரும்பலாம். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. முதல் நாளே வரிசையில் நின்றாள்.

கடற்கரை நகரத்தில் ஒரு மாடி வீடு. மணியடித்தாள். ஏழு வயதுப் பெண் ஒன்று கதவைத் திறந்தது. தம்பியின் நெற்றி, அப்படியே. அது அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே திரும்பி, "அப்பா, யாரோ வந்திருக்காங்க" என்றது.

தம்பிக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. வந்து நின்றான், அவ்வளவுதான். தம்பி மனைவிதான் ஓடி வந்து கட்டிக்கொண்டு, அண்ணி அண்ணி என்று அழுதாள், சிரித்தாள், கணவனைத் திட்டினாள், சாப்பாடு போட்டாள். குழந்தை அனுமதிச் சீட்டை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அத்தை, நீங்க வெளிநாடா?" என்று கேட்டது.

"ஆமா கண்ணு. நான் வெளிநாடு."

என்ன பேசுவதென்று அக்காவுக்கும் தம்பிக்கும் தெரியவில்லை. ஒன்பது வருடம் சேர்த்து வைத்தது எல்லாம் எங்கே போயிற்றோ. குழாயில் அழுத்தம் குறைந்துவிட்டது என்றான். அங்கேயும் அப்படித்தான் என்றாள். இந்த மாடிப் படிகள் செங்குத்து, உன் முழங்காலுக்கு ஆகாது என்றான். பரவாயில்லை என்றாள். கடிகாரம் மட்டும் நன்றாக ஓடியது.

ஐந்தரை மணிக்குப் பாலத்தில் கொண்டுவந்து விட்டான். கவுன்டரில் சீட்டைக் காட்டிவிட்டு அவள் கம்பி வேலியை நோக்கித் திரும்பினாள். நாலு அடி போயிருப்பாள்.

"போகாதக்கா."

குழந்தை மாதிரிச் சொன்னான். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை.

அவள் நின்றாள். திரும்பி வந்து அவன் முகத்தை இரண்டு கைகளிலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லு."

"போகாதக்கா."

கவுன்டரில் இருந்தவர் நல்ல மாதிரி. மணியைப் பார்த்தார், பேனாவை மூடினார், திறந்தார். பிறகு மெல்ல, "நேரமாச்சும்மா" என்றார். அக்கா கையை எடுத்தாள். பாலத்தில் நடந்து மேற்கே போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்திருங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் அடுப்பு குளிராமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் நிற்காமல் வரட்டும். உங்களோடு பிறந்தவர்கள் கூப்பிடுகிற தூரத்தில் இருக்கட்டும், கூப்பிட உங்களுக்கு வாய் வரட்டும். வாசலைத் தாண்டிப் போன யாரும் உங்கள் வீட்டுக் குழந்தைக்கு யாரோ ஆகாமல் திரும்பி வரட்டும். நன்றாக இருங்கள்.